திறந்தால் காட்டிக்கொடுக்கும் கடித உறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கத் தேர்தல் வாக்குச்சீட்டு, தவணைப் பரீட்சை வினாத்தாள், மருத்துவ அறிக்கை, கேள்விப்பத்திர (டெண்டர்) ஆவணம், சம்பளக் கணக்கு என்று பிறர் கண் படக்கூடாத தாள்களை ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற இடங்களிலிருந்து அனுப்புகிறவர்களும் அங்கே பெறுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மலையகத்தின் குளிரும் ஈரமும் உயரமும் இந்த உறைகளைப் படுத்தும் பாட்டைக் கொழும்பில் எழுதப்பட்ட பாவனைக் குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால் அந்த விடயங்களை இங்கே கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறோம்.

இந்த உறை கடிதத்தைத் திறக்க விடாமல் தடுக்குமா?

தடுக்காது. எந்தத் தாள் உறையையும் ஒரு கத்தரிக்கோலால் திறந்துவிடலாம். திறந்தவர் அதை மறைக்க முடியாமல் செய்வதே இந்த உறையின் வேலை. பூட்டு வேறு, சாட்சி வேறு, இது சாட்சி. மெசப்பொத்தேமியாவில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் எழுதிய ஒப்பந்தத்தை இன்னொரு களிமண் உறைக்குள் மூடி, மேலே முத்திரை பதித்தார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க உறையை உடைத்தே ஆகவேண்டும். அந்தத் தர்க்கம் இன்றும் மாறவில்லை.

சாட்சியைக் கேட்க ஒருவர் வேண்டும். பெறுகிறவருக்கு உறை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய உறையும் வெறும் தாள்தான். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ரொஜர் ஜோன்ஸ்டனின் குழு பலவகை முத்திரைகளைப் பல ஆண்டுகள் சோதித்தது. பெரும்பாலானவற்றை எளிய கருவிகளாலேயே ஏமாற்ற முடிந்தது. பரிசோதிப்பவர் எதைத் தேடவேண்டும் என்று பழகியிருந்தால் அதே முத்திரை பல மடங்கு பயன்தரும் என்பதை அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்கள்.

சாதாரண உறையில் என்ன குறை?

ஐந்து இடங்களில் குறை. முதலாவது, நாக்கால் நனைத்து ஒட்டும் பசை. அது மாப்பொருளிலிருந்து செய்த டெக்ஸ்ட்ரின். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் மறுபடி ஒட்டும். இரண்டாவது, மூடியின் இரு மூலைகளிலும் பசை படாமல் விடப்படும் இடைவெளி. மெல்லிய கடிதத்தை அந்த வழியாகக் குச்சியில் சுருட்டி வெளியே எடுக்கும் தந்திரம் உலகப் போர்க் காலத்திலேயே தெரிந்த ஒன்று. மூன்றாவது, எல்லோரும் மூடியையே பார்ப்பார்கள். பக்கத்து ஒட்டையும் அடி ஒட்டையும் யாரும் பார்ப்பதில்லை. நான்காவது, வெளிச்சம். சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள வழக்கமான தாளுக்குப் பின்னால் கைப்பேசி டோர்ச்சைப் பிடித்தாலே பாதி எழுத்து தெரியும். ஸ்பிரிட் தடவினால் தாள் சில நொடிகள் கண்ணாடி போலாகி, ஆவியானதும் அநேகமாகத் தடயமே இருக்காது. ஐந்தாவது குறைதான் பெரியது: உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, அதே மாதிரி புது உறை வாங்கி, விலாசத்தை எழுதி அனுப்பிவிடலாம். எண்ணோ அடையாளமோ இல்லாத உறையில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நல்ல வடிவமைப்பு இந்த ஐந்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். மூடியில் மட்டும் ஒரு பளபளப்பான ஸ்டிக்கரை ஒட்டுவது ஒன்றுக்குக்கூட முழுப் பதிலாகாது.

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கிறது. அப்படியானால் ஆவியில் உறையைத் திறப்பது இங்கே கடினமா?

இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்பது சரிதான். ஆனால் டெக்ஸ்ட்ரினை இளக்குவது ஈரம். சூடு அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. 94 பாகை ஆவி தாராளமாகப் போதும். கோதுமை மாவில் காய்ச்சிய பசையும் இப்படித்தான். அதோடு கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் மாப்பசையைத் தின்னும். பழைய கோப்பு அறையில் உறை தானாகத் திறந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளாஸ்டிக் பாதுகாப்புப் பை வாங்குவதா, தாள் உறை செய்வதா?

பணம், மருத்துவ மாதிரி, பெரிய வினாத்தாள் கட்டு ஆகியவற்றுக்குப் பை நல்லது. வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமாக இரண்டு அடுக்கில் வார்த்த பொலித்தீன், மூடியில் 'வோயிட்' நாடா (பிரித்தால் 'VOID' என்ற எழுத்து தோன்றும் ஒட்டுநாடா), இரு ஓரங்களிலும் சூட்டால் ஒட்டிய விளிம்பு, அந்த விளிம்பின் மேல் தொடர்ச்சியான நுண்ணெழுத்து, தொடர் எண், கிழித்து வைத்துக்கொள்ளும் எண் துண்டு: இவை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளிம்பில் அச்சு இல்லாத பையை வாங்காதீர்கள். அந்த ஓரத்தை வெட்டித் திறந்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் திரும்ப ஒட்டிவிட்டால், விளிம்பின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவதைத் தவிர வேறு தடயம் இருக்காது.

சில தாள்கள் மட்டும் அனுப்புவதென்றால், ஒழுங்காகச் செய்த தாள் உறையே மேல் என்பது எங்கள் கருத்து. தாள் நார் நாராகக் கிழியும். கிழிந்த நாரைத் திரும்பப் படுக்க வைக்க முடியாது. பிளாஸ்டிக் அப்படியல்ல, மழுமழுப்பான பரப்பிலிருந்து பசையைப் பொறுமையாகப் பிரித்தெடுக்கலாம். சங்கத்தின் பெயரும் சொந்த எண்ணும் அச்சிட்ட பைகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டளை கேட்பார்கள்; அச்சு இல்லாத பொதுப் பையை உங்களைப் போலவே திறக்க நினைப்பவரும் வாங்கலாம்.

'வோயிட்' நாடா எப்படி வேலை செய்கிறது? காலையில் ஒட்டினால் சரியாகப் பிடிப்பதில்லையே?

நாடாவின் படலத்துக்கும் பசைக்கும் நடுவே எழுத்து வடிவில் ஒரு விடுவிப்புப் பூச்சு இருக்கும். இழுக்கும்போது சில இடத்தில் பசை படலத்தோடு வரும், சில இடத்தில் பையிலேயே தங்கும். எழுத்து தெரிவது அதனால்தான். இது நடக்க வேண்டுமானால் பசை பையோடு முதலில் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும்.

இங்கேதான் மலையகக் காலைகள் கெடுக்கின்றன. இவ்வகைப் பசைகளுக்குப் பொதுவாக 10 பாகைக்குக் குறையாத சூடு வேண்டும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் விடியலில் அதற்குக் கீழே போகும், சில நாள் உறைபனியும் விழும். குளிர்ந்த பையை அறைக்குள் கொண்டுவந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம் அதன்மேல் படியும். அதன்மேல் ஒட்டினால் நாடா ஈரத்தைத்தான் பிடிக்கும். பிறகு எழுத்தே காட்டாமல் சுத்தமாகக் கழன்று வரும்.

ஆகவே பையையும் நாடாவையும் ஒட்டுவதற்கு முன் ஒரு மணிநேரம் அறைச் சூட்டில் வையுங்கள். ஒட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். பாதுகாப்புத் தாளைப் பாதி உரித்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்துங்கள், சுருக்கம் விழக்கூடாது. அழுத்தியவுடன் தபாலில் போடாதீர்கள். அக்ரிலிக் பசை முதல் அரைமணியில் பாதிப் பிடிதான் பிடிக்கும். முழுப் பிடிக்கு 72 மணிநேரம் வரை ஆகலாம். முதல் நாள் மாலை ஒட்டி மறுநாள் அனுப்புவதே முறை.

மறுபக்கம், குளிரால் பசையை விறைக்க வைத்துத் திறப்பதும் தெரிந்த தாக்குதல். நல்ல நாடாவில் சூடு, குளிர், தின்னர் மூன்றுக்கும் தனித்தனி அடையாளம் காட்டும் மை இருக்கும். வாங்கும்போது இரண்டு பைகளை வீணாக்கி நீங்களே சோதியுங்கள்: ஒன்றை ஓரிரவு குளிர்சாதனப்பெட்டியின் உறைபகுதியில் வைத்துப் பிரியுங்கள், மற்றதை ஹெயார் ட்ரையரால் சூடாக்கிப் பிரியுங்கள். எழுத்தோ நிறமாற்றமோ தெரியாவிட்டால் அந்த வகை வேண்டாம்.

கொழும்பிலிருந்து வந்த பை உப்பியிருக்கிறது. யாராவது காற்று ஊதித் திறந்தார்களா?

பெரும்பாலும் இல்லை. நுவரெலியாவின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் காற்றோடு மூடிய பையில் இருந்த ஒரு லீற்றர் காற்று இங்கே ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றராக விரியும். உப்பல் சந்தேகத்துக்குரியதல்ல, ஆனால் விளிம்பை இழுத்துக் களைக்க வைக்கும். மூடுவதற்கு முன் பையை மேசையில் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இங்கிருந்து கீழே போகும் பை ஒட்டிச் சுருங்கிப்போவதும் இதே கணக்குத்தான்.

தாள் உறையை நாமே செய்வது எப்படி? அளவுகளோடு சொல்லுங்கள்.

மூன்றாக மடித்த ஏ4 தாளுக்கான அளவு இது. சதுர மீற்றருக்கு 100 முதல் 120 கிராம் எடையுள்ள, பளபளப்புப் பூச்சு இல்லாத பழுப்புத் தாள் வேண்டும். பூச்சுத் தாளில் பசை மேலாகவே நிற்கும், நார் கிழியாது. ஏ3 தாள் ஒன்றில் ஓர் உறை வரும்.

1. உயரம் 265, அகலம் 260 மில்லிமீற்றராக ஒரு துண்டு வெட்டுங்கள். மேலிருந்து 45 மூடி, அடுத்த 110 முன்பலகை, கடைசி 110 பின்பலகை என்று பென்சிலால் கோடிடுங்கள்.

2. முன்பலகைக்கு மட்டும் இரு பக்கமும் 20 மில்லிமீற்றர் காது விட்டு, மற்ற இடங்களில் அந்த 20-ஐ வெட்டி எறியுங்கள். மூடி 220 அகலத்துக்கு நேராக இருக்கட்டும். கடையில் விற்கும் உறை போல மூலையைச் சரிக்க வேண்டாம்; சரித்தால் பசை படாத மூலை உண்டாகும். அடி ஒரு மடிப்பாகவே இருப்பதால் அங்கே பிரிக்க ஒட்டே இல்லை.

3. மூடியின் ஓரத்திலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, 20 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 10 சிறு வெட்டுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர் அளவில் கவிழ்த்த ஆப்பு வடிவம். பின்பலகையின் இரு பக்க ஓரங்களிலும் 25 மில்லிமீற்றருக்கு ஒன்று. மூடியைப் பிரிக்க முயன்றால் கிழிசல் இந்த வெட்டுகளில் தொடங்கி உள்ளே ஓடும். கூரான புதுப் பிளேட்டைப் பயன்படுத்துங்கள்.

4. காதுகளை உள்ளே மடித்து, அவற்றின் முழு அகலத்துக்கும் வெள்ளை பைண்டர் கம் பூசி, பின்பலகையை மேலே மடித்து ஒட்டுங்கள். ஓரம்வரை பசை இருக்க வேண்டும். இரண்டு கிலோ பாரம் வைத்து ஒருநாள் விடுங்கள்.

5. கடிதத்தை எழுத்து உள்ளே இருக்கும்படி மடித்து, அலுமினியம் ஃபொயில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே ஒரு ஸ்டேப்பிள் அடியுங்கள். ஃபொயில் வெளிச்சத்தையும் ஸ்பிரிட்டையும் வெல்லும். ஸ்டேப்பிள் இருந்தால் கடிதத்தைக் குச்சியில் சுருட்ட முடியாது.

6. மூடியில் 25 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தூரிகையால் மெல்லிதாகப் பைண்டர் கம் பூசுங்கள். உள்ளே பசை இறங்காமலிருக்க உறையின் வாய்ப்பகுதியில் ஒரு தாள்துண்டைச் செருகி, மூடுமுன் உருவிவிடுங்கள். மூடி, அழுத்தி, பாரம் வையுங்கள்.

மூடிக்குத் தேவைப்படும் பசை அரைக் கிராமுக்குச் சற்று மேல்தான். தடிப்பாகப் பூசினால் தாள் நெளியும். நெளிவில் இடைவெளி விழும். இடைவெளியில் கத்தி நுழையும். பைண்டர் கம்மும் குளிருக்குப் பயந்ததே. ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே அது படலமாகச் சேராமல் வெள்ளைச் சுண்ணாம்பு போலக் காயும். விரலால் தேய்த்தால் உதிரும். வெள்ளையாகக் காய்ந்த உறையைக் கழித்துவிடுங்கள், அது பிடிக்கவில்லை. நண்பகலில் ஒட்டுவதும், அடுப்பு எரியும் அறையில் காயவைப்பதும் போதும்.

பைண்டர் கம் ஆவிக்கு எளிதில் மசியாது, ஆனால் கடும் சூட்டில் இளகும். அதற்குத்தான் அந்த வெட்டுகளும் அடுத்துவரும் கையொப்பமும்.

கையொப்பம் எந்தப் பேனாவால் போடுவது?

இரண்டு பேனாவால். மூடியின் ஓரத்தைத் தாண்டி, பாதி மூடியிலும் பாதி உடலிலும் விழும்படி, ஒரு கையொப்பம் ஊற்றுப்பேனா மையால், இன்னொன்று போல்பொயின்ட் பேனாவால். ஊற்றுப்பேனா மை நீராவியில் பரவும். போல்பொயின்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஸ்பிரிட்டிலும் அசிற்றோனிலும் கலைந்து நீலத் தேமலாகும். எந்த வழியில் திறந்தாலும் ஒன்றாவது பேசும். சாயத்துக்குப் பதில் நிறமித்துகள் கொண்ட ஜெல் பேனாக்கள் இரண்டையும் தாங்கிவிடும், ஆகவே இந்த வேலைக்கு உதவாது. இறப்பர் முத்திரை மட்டும் போடுவதும் போதாது; அதே முத்திரையைக் கடையில் செய்து வாங்கலாம்.

கையொப்பத்தின்மேல் செலோடேப் ஒட்டும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அது கையொப்பத்தை மழையிலிருந்து காக்கும். திறப்பவரிடமிருந்தும் சேர்த்தே காக்கும், ஏனென்றால் மை கலைய வேண்டிய இடத்தை மூடிவிடுகிறது. ஒட்டாதீர்கள். ஒட்டத்தான் வேண்டுமென்றால், உரித்தால் முட்டை ஓடுபோல் நொறுங்கும் ஸ்டிக்கர் வகையை வாங்கி, கையொப்பத்தின் பக்கத்தில் ஒட்டுங்கள்.

மினுக்கு நெயில் பொலிஷ் பூசும் முறை உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும், மிகக் குறைந்த செலவில். பெரிய துகள்களும் சிறியவையும் கலந்த மினுக்கு நெயில் பொலிஷை மூடியின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் பொட்டாக வையுங்கள். துகள்கள் விழும் கோலத்தை யாராலும், நீங்களே நினைத்தாலும், திரும்பப் போட முடியாது. காய்ந்ததும் நேரே மேலிருந்து ஒரு படமும், பக்க வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து, பெறுகிறவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் உறை கைக்கு வந்ததும் அதே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட வேண்டும். படமே போகாவிட்டால் இந்த முறைக்கு அர்த்தமில்லை. 2013-இல் ஜெர்மனியில் நடந்த கேயாஸ் கணினி மாநாட்டில் எரிக் மிஷோ, ரயன் லக்கி இருவரும் மடிக்கணினித் திருகாணிகளுக்கு இதைச் சொன்னார்கள். கடித உறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அரக்கு முத்திரை?

பார்க்க மதிப்பாக இருக்கும். ஆனால் மலைப் பாதையில் தபால் பை ஆடும் ஆட்டத்தில் வெடித்துவிடும், பிறகு யார் உடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அச்செடுத்துப் போலி செய்வதும் எளிது. அரக்கு வைக்கத்தான் வேண்டுமென்றால் ஊசிநூலால் உறையைத் தைத்து, முடிச்சின்மேல் வையுங்கள். கடிதத்தையே வெட்டித் தைத்துப் பூட்டும் வழக்கம் உறை வருவதற்கு முந்தியது. ஸ்கொட்லாந்தின் மேரி அரசி 1587 பெப்ரவரி 8-ஆம் திகதி, தலை துண்டிக்கப்படுவதற்குச் சில மணிநேரம் முன் எழுதிய கடிதத்தை, அதே தாளிலிருந்து வெட்டிய ஒரு கீற்றைச் சுருளாகக் கோத்துத்தான் பூட்டினார். கீற்றை அறுக்காமல் அதைத் திறக்க முடியாது.

மழைக்காலத்தில் உறைகளை எப்படி வைத்திருப்பது?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கம் டிசம்பரை அண்டிய வடகீழ் மழை. உங்கள் பக்கம் எந்த மழையோ அதற்கு முன் உறைகளைத் தகரப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடுங்கள். பசை பூசி விற்கும் உறைகளின் மூடிகள் ஈரத்தில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். நடுவே மெழுகுத் தாள் வையுங்கள். அப்படி ஒட்டிப் பிரித்த உறையை முக்கியமான கடிதத்துக்குப் பயன்படுத்தக்கூடாது: தொடக்கத்திலேயே அதில் திறந்த தடயம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கு மொத்தமாக வருகிறது. லயத்துக்கு வருமுன் பல கைகள் மாறுகின்றன. உறையால் என்ன பயன்?

இந்த உறை மிகவும் தேவைப்படுவது இங்கேதான். லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே தோட்டப் பெயர்தான் விலாசம். ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருக்கும் டிவிசனில் கடிதம் தவறிப்போவதும் தவறித் திறக்கப்படுவதும் நடக்கும். அது தவறா, வேண்டுமென்றா என்று காட்டுவதற்கு எதுவுமில்லாததால் உரியவர் வாய்மூடி இருக்க வேண்டியிருக்கிறது. வேலைக்கான நேர்முகக் கடிதமும் வங்கிக் கடிதமும் பல்கலைக்கழக அனுமதியும் இப்படி வருகிறவைதான்.

செய்யக்கூடியவை: விலாசத்தில் தோட்டம், டிவிசன், லய இலக்கம், வீட்டு இலக்கம், தந்தை பெயரின் முதலெழுத்து வரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். பற்றுச்சீட்டு எண்ணை அனுப்புகிறவர் குறுஞ்செய்தியில் சொல்லட்டும். அலுவலகத்தில் ஒப்படைப்புக் கொப்பி ஒன்று இருக்கட்டும்: திகதி, உறை எண், யார் பெயருக்கு, வந்தபோது உறையின் நிலை, கொண்டுபோனவர், பெற்றவர் கையொப்பம். 'உறையின் நிலை' என்ற அந்த ஒரு நிரல் கடிதத்தைக் கொண்டுபோகிற தபால்காரரையும் காப்பாற்றும். உடைந்தே வந்ததென்று எழுதியிருந்தால் பழி அவர்மேல் விழாது.

வெளியே 'மிக இரகசியம்' என்று எழுதலாமா?

வேண்டாம். பளிச்சென்ற பாதுகாப்பு உறை, உள்ளே ஏதோ பெறுமதி இருக்கிறது என்று கூவி அழைக்கும். சாட்சி சொல்லும் உறையை உள்ளே வைத்து, அதை ஒரு சாதாரணப் பழுப்பு உறைக்குள் போடுங்கள். வெளியுறை ஒரு மழைக்கோட்டு: உரசல், தபால் முத்திரைக் குத்து, ஈரம் எல்லாம் அதோடு நிற்கும். உள்ளுறை கசங்காமல் வந்தால்தான் அதில் இருக்கும் சிறு கீறலுக்கும் பொருள் இருக்கும். உள்ளுறையில் 'பெயருக்குரியவர் மட்டும் திறக்கவும். எண்ணைச் சரிபார்க்கவும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் போதும்.

எண்களை எப்படிக் கையாள்வது?

உறையின் மேலும், மூடிக்குக் கீழே மறையும் இடத்திலும் ஒரே எண் இருக்கட்டும். அந்த எண் உறை போகும் வழியில் போகக்கூடாது. தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ தனியே போகவேண்டும். வரிசையாக 1, 2, 3 என்று போனால் அடுத்த எண்ணை ஊகித்துப் போலி செய்யலாம். முன்கூட்டி ஒரு கொப்பியில் தாறுமாறான ஆறிலக்க எண்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, பயன்படுத்தியதைக் கோடிடுங்கள். கொப்பியும் வெற்று உறைகளும் ஒரே அலுமாரியில், ஒரே ஆளின் சாவிக்குள் இருக்கக்கூடாது.

உறை கைக்கு வந்ததும் என்ன பார்ப்பது?

திறக்குமுன் இரண்டு நிமிடம். எண்ணை ஒப்பிடுங்கள். படம் வந்திருந்தால் ஒப்பிடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேசைமட்டத்தில் படுக்க வைத்து, உறையின் மேல் வெளிச்சம் சாய்வாக ஓடும்படி பாருங்கள். தூக்கிய நார், பசை மினுமினுப்பு, ஒருமுறை நனைந்து காய்ந்த அலைநெளிவு எல்லாம் நேர் வெளிச்சத்தில் தெரியாது, இதில் தெரியும். மூடியின் இரு மூலைகளையும் நகத்தால் மெதுவாக நெருடுங்கள். அடிமடிப்பையும் பக்க ஒட்டுகளையும் பாருங்கள். அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதை நம்பித்தான் திறப்பவர் அங்கே கைவைப்பார். பையென்றால் விளிம்பை அளவுகோலால் அளந்து, பயன்படுத்தாத மாதிரிப் பையோடு ஒப்பிடுங்கள். ஓரத்து நுண்ணெழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. மூக்கருகே பிடித்துத் தின்னர், நெயில் பொலிஷ் ரிமூவர் வாடை வருகிறதா பாருங்கள். நெயில் பொலிஷ் பொட்டு வைத்த உறையில் இலேசான வாடை இயல்பு. 365 நனோமீற்றர் ஊதாக்கதிர் டோர்ச் இருந்தால் நல்லது: தாள் நீலமாக ஒளிரும்போது புதிதாகத் தடவிய பசையும் கரைப்பான் கறையும் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும்.

எல்லாம் சரியென்றால் மூடியைப் பிரிக்காமல் அடிமடிப்பைக் கத்தரித்துத் திறங்கள். பின்னர் சந்தேகம் வந்தால் மூடி தொடப்படாமல் இருக்கவேண்டும். உறையை உடனே எறியாமல் கடிதத்தோடு கோப்பில் போடுங்கள்.

வீண் சந்தேகம் எதில் வரும்?

எடையில். நான்கு ஏ4 தாள் 20 கிராம். குளிரூட்டிய அறையிலிருந்து மூடுபனிக்கு வந்தால் தாள் ஈரம் குடித்து ஒரு கிராம் வரை கூடும். மூலை மழுங்குவது, முத்திரைக் குத்தின் பள்ளம், தபால் பையில் உரசிய கறுப்பு, முழு உறையும் ஒரே சீராக நெளிந்திருப்பது எல்லாம் பயணத்தின் அடையாளங்கள். ஆள் செய்த ஈரம் மூடியைச் சுற்றி மட்டும் இருக்கும். மழை எங்கும் இருக்கும்.

திறந்திருப்பதாகத் தெரிந்தால்?

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இரண்டு சாட்சிகளை அழைத்து, படமெடுத்து, திகதியும் நேரமும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பதிவுத் தபாலானால் கையொப்பமிட்டு ஏற்குமுன் தபாலகத்திலேயே காட்டி, சேதத்தைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். அனுப்பியவருக்கு உடனே சொல்லுங்கள். உள்ளே இருந்தது வெளியே தெரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்: இரகசிய இலக்கமானால் மாற்றவேண்டும், வினாத்தாளானால் மாற்றுத்தாள் எடுக்கவேண்டும், விலைமனுவானால் திரும்பக் கோரவேண்டும். 'யாரும் படித்திருக்க மாட்டார்கள்' என்று விட்டுவிடுகிறவருக்கு இந்த உறை தேவையே இல்லை. யார் செய்தது என்பதை உறை சொல்லாது. அதனால் கடைசியாக வைத்திருந்தவரைக் குற்றஞ்சாட்டிவிடாதீர்கள், ஒப்படைப்புக் கொப்பியைப் பின்னோக்கிப் பாருங்கள். வெளிநாட்டுத் தபாலைச் சுங்கம் சட்டப்படி திறந்து பார்க்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாக்குச்சீட்டுக்கும் வினாத்தாளுக்கும் வேறு முறை உண்டா?

வாக்குச்சீட்டுக்கு இரண்டு உறை கட்டாயம். உள்ளுறையில் எண்ணோ பெயரோ அடையாளமோ இருக்கவே கூடாது, மினுக்குப் பொட்டும் கூடாது. இருந்தால் இன்னார் இன்னாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும். எண்ணும் கையொப்பமும் வெளியுறையில். வெளியுறைகளைச் சரிபார்த்துத் திறந்து, உள்ளுறைகளை ஒரு பெட்டியில் கலக்கிய பிறகே அவற்றைத் திறக்கவேண்டும். கோயில் பரிபாலன சபைத் தேர்தலோ சிக்கனக் கடன் சங்கத் தேர்தலோ, இந்த வரிசை மாறக்கூடாது.

வினாத்தாள் கட்டைப் பரீட்சை மண்டபத்தில், மாணவர் இருவர் உறையைச் சுற்றிப் பார்த்து, சேதமில்லை என்று கையொப்பமிட்ட பிறகு எல்லோர் கண்முன்னும் திறக்கவேண்டும். அதிபர் அறையில் 'எண்ணிப் பார்க்க' முன்கூட்டித் திறப்பதை அனுமதிக்காதீர்கள். எண்ணிக்கையை உறையின் மேல் எழுதினால் அதற்குத் தேவையே வராது.

தேயிலை மாதிரி அனுப்பவும் இதே உறை சரியா?

உறை சரி, பசையைக் கவனியுங்கள். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். நெயில் பொலிஷ், மார்க்கர் பேனா, தின்னர் கலந்த பசை எதுவும் மாதிரிப் பொதியின் பக்கமே வரக்கூடாது. மாதிரியைச் சூட்டால் ஒட்டிய ஃபொயில் பையில் மூடி, ஒருநாள் முழுக்கக் காய்ந்த பைண்டர் கம் உறைக்குள் வையுங்கள். மழை நாளில் இரண்டு நாள் காயவிடுங்கள்.

பழுதான உறைகளையும் எண்களையும் என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். உங்கள் பெயரும் எண்ணும் உள்ள வெற்று உறைதான் திறப்பவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி. எண்ணுக்குக் குறுக்கே வெட்டி, கொப்பியில் அந்த எண்ணுக்கு நேரே 'பழுது' என்றெழுதி இருவர் கையொப்பமிட்டு, உறையை எரித்துவிடுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்: செய்தவை, அனுப்பியவை, பழுதானவை, கையிருப்பு. ஒன்று குறைந்தாலும் மிச்சமுள்ள உறைகளை அப்படியே பயன்படுத்தாமல், வேறு நிறத் தாளில் புதுத் தொகுதி செய்து, பெறுகிறவர்கள் அனைவருக்கும் மாற்றத்தைச் சொல்லுங்கள்.